வியாழக்கிழமை அச்சான சனிக்கிழமை

என் அக்கா ஓய்வு பெறுகிறாளாம். பள்ளிக்கூடத்தில் விழா மலர் போடுகிறார்களாம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஐந்தாவது வார்த்தை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. மலருக்கு வேறு யாராவது எழுதட்டும். இது மலருக்கு ஆகாது.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழே என் அச்சகம், மாடியில் நான், மனைவி, பிள்ளைகள், பின்பக்க அறையில் அக்கா. இருபத்து நாலு வயதில் அந்தக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தச் சேர்ந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுத்துவந்த பிரதர் மாற்றலாகிப் போனதும் அதையும் இவள் தலையில் கட்டினார்கள். ஒரு நாளிதழில் எட்டு மாதம் பிழை திருத்தியவள் என்பது எப்படியோ வெளியே தெரிந்தது. உடனே இதழியல் வகுப்பும் அவளுக்கே வந்து சேர்ந்தது. மூன்று பேர் வேலை, ஒரு நாற்காலி. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

நன்றாகத்தான் நடத்தினாள், அதைச் சொல்லாவிட்டால் எனக்குத்தான் பாவம். பென்சிலைக் குறுக்கே பல்லால் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கச் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். எச்சில் ஒழுகும், வகுப்பே சிரிக்கும். பென்சிலை எடுத்ததும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழும். இவள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று, "எனக்குக் கேக்கல, இன்னொரு தடவ" என்பாள். இதழியல் வகுப்பில் சிலுவைக்குக் கீழே, கரும்பலகையின் உச்சியில், யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். அதை அழிக்க யாருக்கும் அனுமதி கிடையாது. கண்ணால் பார்க்காததை எழுதினால் பூஜ்யம்தான்.

இப்படிப் பாடம் நடத்தியவள்தான் வருஷத்துக்கு ஒருமுறை என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு நாலு பக்கத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை உண்டு. ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினர்கள், அன்றைய விழாவின் செய்தியையே அச்சில் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று தலைமையாசிரியர் ஃபாதருக்கு ஓர் ஆசை. ஆகவே சனிக்கிழமை விழாவின் செய்தியை அக்கா திங்கட்கிழமையே எழுதிவிடுவாள். அந்த இதழை மட்டும் பிள்ளைகளிடம் விடமாட்டாள். வியாழக்கிழமை நான் அச்சடிப்பேன். தம்பியின் அச்சகம்தானே, மதியம் நடந்ததைச் சாயங்காலத்துக்குள் அடித்துவிடுகிறார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. அறுநூறு பிரதி அடித்து, மை காய்ந்து, மடித்து முடிக்க எத்தனை நேரம் ஆகும் என்று அச்சகத்துக்குள் கால் வைக்காதவர்களுக்கு என்ன தெரியும்?

ஒரு வருஷம் சிறப்பு விருந்தினருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேடையில் கையை மட்டும் கூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்திரிகையில் அவர் முக்கால் மணி நேரம் எழுச்சியுரை ஆற்றியிருந்தார். அந்த மனுஷன் கூசாமல் இன்னும் பத்துப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

மற்றதையெல்லாம் பூசி மெழுகி எழுதலாம். பேச்சுப் போட்டியில் யாருக்கு முதலிடம் என்பதை அப்படி எழுத முடியாது. அதுதான் முதல் பக்கச் செய்தி. ஜெயிக்கிற பிள்ளைக்குக் கோப்பையோடு, சபை நடத்தும் கல்லூரியில் மூன்று வருஷம் கட்டணமில்லாத இடம். அக்கா ஒத்திகை பார்த்தே யார் ஜெயிப்பார் என்று சொல்லிவிடுவாள். பதினாறு வருஷமும் தப்பியதில்லை. நானும் அதைக் கடைத்தெருவில் சொல்லிப் பீற்றிக்கொண்டவன்தான்.

பதினேழாவது வருஷம், அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டரின் மகன் என்று எழுதிக் கொடுத்தாள்.

என் அச்சகத்தில் தாள் மடிக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தவள். மூங்கில் பட்டையை ஒரே இழுப்பு இழுத்தால் மடிப்பு கத்தி போல விழும். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவளுடைய மகள் அதே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு, இறுதிப் போட்டிக்கு வந்த ஐந்து பேரில் ஒருத்தி. என்னை மாமா என்று கூப்பிடுவாள். கல்லூரிக்கு அனுப்ப அந்த இடத்தை விட்டால் தாய்க்கு வேறு வழி கிடையாது, இது எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

அந்த வியாழக்கிழமை அவள் முதல் கட்டை எடுத்துப் பார்த்தாள்.

"யாருண்ணே இந்தப் பையன், லட்சணமா இருக்கான்?"

"போட்டியில பேசப்போற பிள்ளைங்கள்ல ஒருத்தன்."

"எம் பொண்ணு படம் போடலையா?"

"இடம் இல்லம்மா."

வாய் கூசாமல் சொன்னேன். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு அறுநூறையும் மடித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மதியம் போட்டிக்கு நானும் போயிருந்தேன், கடைசி வரிசை. நேரம் தவறாமை என்பது தலைப்பு. டாக்டரின் மகன் நன்றாகத்தான் பேசினான், ஒரு சொல் தடுக்கவில்லை. ஒரு சொல் மனசிலும் நிற்கவில்லை. பிறகு இந்தப் பெண் வந்தாள். பள்ளிக்கூட மணி அடிக்கிறவர் எந்தெந்த நாளில் எத்தனை நிமிஷம் முன்னால் அடிப்பார், ஏன் அடிப்பார் என்று ஆரம்பித்தாள். நடுவர்கள் சிரித்தார்கள், ஃபாதரே சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் எங்கோ கொண்டுபோய் எங்களைச் சும்மா உட்காரவைத்துவிட்டாள். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், எனக்கே அவள் சொன்னது அப்படியே புரிந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள், முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் வாயாலேயே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டேன். மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணையும் கூட்டுகிற வேலை எப்போதும் அவளுடையது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இரண்டு தடவை கூட்டியிருக்கிறாள். பெண்ணுக்கு இருநூற்று அறுபத்தொன்று, பையனுக்கு இருநூற்று ஐம்பது. அதற்குள் கூடத்தில் நாற்காலிக்கு ஒன்றாகப் பத்திரிகையைப் போட்டுவிட்டார்கள். பிஷப் சீக்கிரமே வந்துவிட்டார், படித்தும்விட்டார், டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கியும்விட்டார். ஃபாதர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"பேப்பர் வெளிய போயாச்சு டீச்சர்" என்றாராம். அவ்வளவுதான். மாற்று என்று சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாதா எப்படிச் சொல்ல வேண்டும் என்று.

நடுவர்களில் ஒருவர் பென்சிலால் மதிப்பெண் போட்டிருந்தார். அக்கா ரப்பரை எடுத்தாள். பெண்ணின் எண்பத்தெட்டு எழுபத்தாறு ஆனது. பையனைவிட அவளுக்கு ஒரு மதிப்பெண் குறைந்துபோனது. பத்திரிகையில் வந்த பொய் பொய்யாக இருக்கக் கூடாதாம், அதற்காக நிஜத்தைப் பிடித்துத் திருத்திவிட்டாள் என் அக்கா.

"காலைல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்டா" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"யார்கிட்ட?"

"ஃபாதர்கிட்டதான். வேற யாரு இருக்கா?"

"அவர் என்ன சொன்னார்?"

"பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்."

வாசலில் நின்று பாவத்தைச் சொல்லிக்கொடுத்தவரே மறுநாள் பாவம் கேட்கிற பெட்டிக்குள் உட்கார்ந்து மன்னித்தும் அனுப்பிவிட்டார். பத்து மந்திரத்தோடு கதை முடிந்தது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். அவள் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி கையைக் கழுவினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. டாக்டரின் மகன் அந்தக் கல்லூரியில் சேரவே இல்லை. அவனுக்கு அது எதற்கு? வேறு ஊரில் பெரிய இடத்தில் சேர்த்தார்கள். அந்த இடம் இன்றுவரை காலி. பெண் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். பென்சில் கடித்துப் பழகிய வாய், "அடுத்த கவுண்ட்டர் போங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அத்தனை தெளிவாக அந்தக் கடையில் வேறு யாரும் சொல்வதில்லை.

அந்த விழா முடிந்த திங்கட்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் அச்சகத்துக்கு வந்தார்கள். அக்கா என் மேஜையில் உட்கார்ந்து வினாத்தாள் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். பெண் சீருடையில் இருந்தாள், கையில் அந்தப் பத்திரிகை. சண்டைக்கு வரவில்லை. அம்மாவுக்குப் படித்துக்காட்ட வந்திருக்கிறாள்.

"நான் மடிச்சதுல என்னதான் எழுதியிருக்குன்னு கேட்டேண்ணே. டீச்சரம்மாவும் இருக்காங்க, இங்கயே படின்னு சொன்னேன்" என்றாள் தாய். ரொம்ப சந்தோஷமாகத்தான் சொன்னாள். மகள் இரண்டாவது வந்ததே அவளுக்குப் பெருமை.

பெண் முதல் பக்கத்தை விரித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். "சனிக்கிழமை மத்தியானம் நடந்த இறுதிப் போட்டியில அஞ்சு பேர் பேசினாங்க. எல்லாரையும் விட நல்லாப் பேசி, நடுவர்கள் மூணு பேரோட மனசையும்…"

"சனிக்கிழமையா?" என்று தாய் குறுக்கிட்டாள். "தப்பாப் படிக்கிறடி. இத நான் வியாழக்கிழமையே மடிச்சிட்டேனே."

பெண் நிறுத்திவிட்டாள். தேதியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா திருத்துகிற தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மிஸ், எனக்கு எத்தன மார்க்?"

அக்கா தாளில் ஒரு பிழையைச் சுழித்தாள்.

"மிஸ்."

"நீதாம்மா ஃபர்ஸ்ட்" என்றாள் அக்கா. அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

பெண் அழவில்லை. வினாத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி அக்காவுக்கு முன்னால் வைத்தாள். "அத எழுதிக் குடுங்க மிஸ். நான் காலேஜ்ல காட்டுறேன்."

அக்கா பேனா மூடியைக் கழற்றினாள். தாளின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தாள். பிறகு மூடியைப் போட்டுவிட்டாள். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா" என்றாள்.

ச்சீ என்று நினைத்தேன். சத்தியமாக, என் கூடப்பிறந்தவளை முதல் தடவையாக அப்படி நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் பெண் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"மாமா, நீங்களாவது எழுதிக் குடுங்க. வியாழக்கிழமை அச்சடிச்சோம்னு மட்டும் எழுதினாப் போதும்."

அக்கா கையெழுத்தில், தேதி போட்டு, அச்சுக்குக் கொடுத்த சீட்டு என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும். என் அச்சகத்துக்கு வரும் வேலையில் பாதி அந்தப் பள்ளிக்கூடத்து வேலை. தேர்வுத் தாள், நோட்டு, மலர் எல்லாம்.

"எனக்கு நாள் கணக்கெல்லாம் ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

பெண் பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு, "வாம்மா, போலாம்" என்றாள். தாய் நகரவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. பத்திரிகையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"அப்ப எம் பொண்ணு தோத்தத எங்கிட்டயே குடுத்து மடிக்கச் சொன்னீங்களாண்ணே?"