ஆடிட்டுக்காகப் போட்ட லினக்ஸ்

உரிமம் வழங்கும் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் என் மனைவியின் தம்பி நடத்திய பனியன் கம்பெனியில் காகித வேலைகளைக் கவனித்துக்கொண்டேன். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும், குறை சொல்ல நிறைய விஷயங்களும் கிடைத்தன.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் திருப்பூருக்கு ஆடிட்டர்களை அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. வரவு செலவு பார்க்கிற ஆடிட்டர் அல்ல. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, அவசர வழிக்கு முன்னால் துணிமூட்டை கிடக்கிறதா என்று பார்க்கிறவர். ஆடிட் அன்று எங்கள் ஊர்க் கம்பெனிகளைப் பார்க்கவேண்டும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்துவிடும். கட்டிங் மாஸ்டரின் கையில் இரும்புவலைக் கையுறை ஏறிவிடும். மறுநாள் எல்லாம் பீரோவுக்குத் திரும்பிவிடும்.

அந்த வருடம் பையரின் ஏஜெண்ட் புதிதாக ஒன்று சொன்னார். கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளுக்கும் லைசென்ஸ் காட்ட வேண்டுமாம். மச்சினனிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதிலிருந்த விண்டோஸ், மிஷினை அசெம்பிள் செய்தவர் இனாமாக ஏற்றித் தந்த களவு நகல். ஆடிட்டில் தேறாவிட்டால் குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் கைவிட்டுப் போகும். அந்த ஆர்டரை நம்பித்தான் அவன் புது ஷெட்டே போட்டிருந்தான்.

"ஏனுங்க மச்சான், நீங்க குடுக்காத லைசென்ஸுங்களா? இதுக்கும் ஒண்ணு பாருங்க" என்றான்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று காசில்லாமல் கிடைக்கிற சிஸ்டம் ஒன்று உண்டென்று எங்கோ படித்திருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புத்தகக் கடையில், சி.டி. ஒட்டிய கம்ப்யூட்டர் இதழ்களாகப் பார்த்து வாங்கிவந்தேன். லினக்ஸ் என்றால் ஒன்று என நினைத்திருந்தேன்; அது ஒரு பெரிய குடும்பம். ஒன்று, எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பதில் தெரியாத கேள்விகளாகக் கேட்டது. ஒரு அரசு அலுவலகம் பொதுமக்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொன்று அழகாகத் தொடங்கித் திரையைக் கறுப்பாக்கிவிட்டு நின்றது. மூன்றாவது, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் சி.டி.யிலிருந்தே ஓடிக் காட்டியது. பிடித்திருந்தால் ஏற்றிக்கொள், இல்லையேல் சி.டி.யை எடுத்துவிட்டுப் போ என்றது.

"அட, சாம்பிளுங்களா!" என்றான் மச்சினன். "அப்ரூவல் ஆனா மொத்தமா பல்க் போட்டுரலாமுங்க."

அதன் உரிமத்தை அச்செடுத்து உட்கார்ந்து படித்தேன். யாருக்கு வழங்கியது என்று பெயர் இல்லை. கட்டணம் இல்லை, முடிவுத் தேதி இல்லை. பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். நான் கையெழுத்திட்ட உரிமங்கள் எல்லாம் என்னென்ன செய்யக்கூடாது என்று சொல்வதற்காகவே அச்சடிக்கப்பட்டவை. இப்படியும் ஒன்றை எழுதலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? இரண்டாம் முறையும் படித்தேன். விண்ணப்பதாரர் என்ற சொல்லே அதில் இல்லை.

ஏற்றும்போது அது கேட்டது: முழு டிஸ்கையும் எடுத்துக்கொள்ளட்டுமா, பழையதோடு பங்கிட்டுக்கொள்ளட்டுமா? முழுதும் என்றேன் நான்.

"வேண்டாமுங்க மச்சான். பழசு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். ஆடிட் முடிஞ்சா அதுலயே ஓட்டிக்கலாமுங்க. அவரு என்ன உள்ள பூந்தா தேடப் போறாரு?"

விதியை எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. ஒரு டிஸ்கில் இரண்டு சிஸ்டம் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று பார்க்கும் ஆசை எனக்கும் இருந்ததால் மேலே வற்புறுத்தவில்லை. மிஷினைப் போட்டதும் இரண்டின் பெயரும் வரிசையாக வந்தன. எதையும் தொடாவிட்டால் புதியதே திறந்துகொண்டது.

கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண். "என்ன சார் இது, எல்லாம் எடம் மாறிக் கெடக்கு" என்று முதல் நாள் சலித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, "ஆனா பழசு மாதிரி ஹேங் ஆகித் தொங்க மாட்டேங்கு சார்" என்றார்.

ஆடிட்டர் சென்னைக்காரர், இளைஞர். கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளுக்கு பில் கேட்டார். உரிமத்தை நீட்டினேன்.

"யார் பேர்ல சார் இருக்கு?"

"யார் பேரிலும் இல்லை. நீங்கள் வேண்டுமானாலும் ஒரு நகல் கொண்டுபோகலாம்."

சிரித்துக்கொண்டே ஏதோ எழுத ஆரம்பித்தார். அப்போது கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்திருந்தது. ஜெனரேட்டர் உறுமி எழுந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே உயிர்த்து, எங்கள் எல்லோர் கண்முன்னும் இரண்டு பெயர்களையும் காட்டியது. இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் அந்தக் கம்பெனியில் அதுவரை பார்த்ததில்லை.

"ரெண்டாவதா இருக்கறது என்ன?" என்றார் ஆடிட்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டார்: "அது பழசு சார். ஆடிட் முடிஞ்சதும் அதுக்கே போயிரலாம்னு மொதலாளி சொல்லிருக்காங்க."

மச்சினனின் முகம் சாயம் போன துணிபோல் ஆனது. ஆடிட்டரின் சிரிப்பு நின்றது. "இதைக் குறையா எழுதணும் சார்" என்றார்.

ஆடிட்டின் கடைசியில் நடக்கும் முடிவுக் கூட்டத்துக்கு முன், ஆடிட்டர் பார்க்கச் சரிசெய்த குறையை 'அங்கேயே தீர்க்கப்பட்டது' என்று எழுத வழி உண்டு. அதைச் சொன்னேன். அவர் யோசித்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கறேன். நான் பாக்க அழிக்கணும்."

ஆனால் டீ-ஷர்ட்டுகளின் அளவுகளும் அட்டைப்பெட்டி விவரங்களும் பழைய விண்டோஸ் பக்கத்தில் கிடந்தன. ஒரு வியப்பு என்னவென்றால், புதிய சிஸ்டத்திலிருந்து பழையதன் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. பழையதற்கோ பக்கத்தில் ஒருவர் குடிவந்திருப்பதே தெரியவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் நகலெடுத்தார். மச்சினன் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்க ஓடினான்.

"எல்லாம் சரியா வந்துருச்சுங்களா மச்சான்?"

அந்தப் பெண் ஒரு ஸ்டைலை, அதாவது ஒரு டீ-ஷர்ட் மாடலின் விவரத்தைத் திறந்து காட்டினார். எழுத்தின் வடிவம் மாறியிருந்தது, அளவுகள் மாறவில்லை.

ஆடிட்டர் வந்து நின்றார். அழித்தால் திரும்பப் பெற முடியாது, உறுதிதானா என்று திரை கேட்டது.

"நீயே அமுக்கு மாப்பிள்ளை" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். தொடக்கத்தில் வரும் பெயர்களிலிருந்து பழையதை நான் நீக்கினேன். ஆடிட்டர் தன் கையாலேயே மிஷினை நிறுத்திப் போட்டுப் பார்த்துவிட்டு, அங்கேயே தீர்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆர்டர் தப்பியது.

அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் மச்சினன் அந்தப் பெண்ணிடம் போனான். "ஏங் கண்ணு, ஆடிட்டருகிட்ட போயி அப்படியா சொல்றது?"

"தைக்கிறவங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சு, ஆடிட்டர் என்ன கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்தீங்கல்லா மொதலாளி? என்னைய யாரு கூப்பிட்டா?"