ககோஷிமாவுக்கு ஒரு ஹெல்மெட்

1996-ஆம் ஆண்டு, ஜூன் மாதம். அப்போது நானும் என் கணவரும் ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில், கடைத்தெருவுக்குப் பின்புறம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் முதியோர் இல்லம் ஒன்றில் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். என் தம்பி ஜப்பானின் தென்கோடியில், ககோஷிமா என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தான்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிரிந்தபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அதன்பிறகு அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கென்று மிஞ்சிய ஒரே இரத்த உறவு அவன்தான். இங்கே வர அவனுக்கு விசா கிடைக்கவில்லை. எங்களுக்கு நியூஸிலாந்துப் பாஸ்போர்ட் கிடைத்த நேரம் பார்த்து, படிப்பு முடிகிறது, மாதக் கடைசியில் நோர்வேக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனில் சொன்னான். நோர்வே எங்கே, ஆக்லாந்து எங்கே! இப்போது போய்ப் பார்க்காவிட்டால் இனி எப்போது என்று யாருக்குத் தெரியும்? எப்படியாவது போயே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த தடவை போனில் பேசும்போது வாய் சும்மா இருக்காமல், "அக்கா, இஞ்ச வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு எரிமலை நிக்குது, ஒவ்வொரு நாளும் புகையும். உடுப்புக் காயப்போட ஏலாது, சாம்பல் கொட்டும்" என்று சொல்லித் தொலைத்தான். பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்த என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். மறுநாளே நூலகத்துக்குப் போய் அந்த எரிமலையைப் பற்றித் தடித்தடியான புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிடும்போதும் அதே கதை. எப்போது வெடித்தது, எவ்வளவு தூரம் கல் பறந்தது என்று எனக்குப் பாடம் எடுத்தார். மலையடிவாரத்துப் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று ஒரு படத்தைக் கண்டதுதான் தாமதம், கடைக்குப் போய் இரண்டு சைக்கிள் ஹெல்மெட் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது.

பக்கத்து வீட்டில் சென்னைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். கூடத்தில் ஹெல்மெட்டுகளைக் கண்டதும், "ஏங்க, வெடிக்கிற மலையைப் பாக்கிறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க? ஊட்டிக்குப் போற மாதிரி சொல்றீங்களே!" என்று வாயில் கை வைத்தாள். மலையைப் பார்க்க யார் போகிறார்கள், என் தம்பியைப் பார்க்கத்தானே என்று சிரித்துச் சமாளித்தேன். என் கணவரோ அவள் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

மாதத் தொடக்கத்திலேயே ஒரு செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தோம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கக் கலண்டர் தொங்கும். ஒருநாள் காலையில் அதன் முன் நின்று பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார். "இஞ்சரும், செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். ஜப்பான் எங்களுக்கு வடக்கு. சரிவராது."

"வடக்குச் சூலத்துக்குப் பால் குடிச்சிட்டுப் போகலாம் எண்டு பரிகாரம் இருக்குத்தானேயப்பா. ஒரு போத்தில் பாலையே குடியுங்கோவன்" என்றேன்.

"சும்மா இடத்துக்குப் போறதெண்டால் பால் காணும். இது எரிமலை" என்றார். கடைசியில் டிக்கெட்டை மாற்றி ஒரு வாரத்துக்குமேல் தள்ளிப் போட்டார். அப்படியும் தம்பியோடு இருக்கப் போதிய நாட்கள் மிஞ்சின என்பதால் நானும் விட்டுவிட்டேன். மிளகாய்த்தூள் வறுத்து இடித்தேன், அரிசி மாவு வறுத்தேன், நாள்பட்டாலும் கெடாத, மொறுமொறுத்த பருத்தித்துறை வடை சுட்டேன். பெட்டி நிறையச் சாப்பாடு. தோள்பையில் அந்த ஹெல்மெட்டுகள்.

நல்ல நாளும் வந்தது. நல்ல நேரம் பார்த்து, வலது காலை வைத்து வீட்டைவிட்டு இறங்கினோம். விமான நிலையத்துக்குள் நுழைந்தால் ஒரே சனக்கூட்டம். அறிவிப்புப் பலகையில் மேலிருந்து கீழ்வரை எல்லா விமானமும் ரத்து. ஒரு ஊழியரிடம் என்ன விஷயம் என்று கேட்டேன். எரிமலை வெடித்துவிட்டது, வானமெல்லாம் சாம்பல் என்றார்.

ஐயோ, தம்பி! "ககோஷிமாவிலா?" என்று கத்தியே விட்டேன். இல்லை, இங்கேதான் என்றார் அவர். நம் நாட்டு எரிமலை, ருவாபேஹு! ஜப்பான் மலைக்குப் பயந்து நாள் பார்த்துக் கிளம்பிய எங்களை, நியூஸிலாந்து மலை வாசலிலேயே மறித்துவிட்டது. போன வாரச் செவ்வாய்க்கிழமையே போயிருந்தால் இந்நேரம் தம்பியோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்போம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "உங்கட சூலம் இப்ப எந்தப் பக்கமாம்?" என்று கேட்டுவிட்டு அழுதும்விட்டேன்.

அன்று வீடு திரும்பினோம். அடுத்த நாளும் போய்த் திரும்பினோம். சாம்பல் ஒருநாள் விலகும், மறுபடி வரும். கடைசியில் விமானங்கள் கிளம்பத் தொடங்கியபோது கவுண்டரில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் ஜப்பானுக்கான அன்றைய விமானம் நிறைந்துவிட்டது என்றார்கள். அதற்கடுத்து இடமிருந்த விமானத்தின் தேதியைச் சொன்னார்கள். அது என் தம்பி நோர்வேக்குப் பறந்த பிறகு வரும் தேதி.

அவ்வளவுதான், ஓரமாகப் போய்ப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் பையைத் திறந்தார். ஹெல்மெட் ஒன்று வெளியே விழுந்து உருண்டு, பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பெண்மணியின் காலடியில் போய் நின்றது. எங்கள் வயதுதான் இருக்கும், கணவரோடு நின்றிருந்தார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, ககோஷிமாவுக்குப் போகிறோம், எரிமலைக்காக என்று என் கணவர் மிகவும் சீரியஸாகச் சொன்னார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்கள் ககோஷிமாக்காரர்களேதான்! காலையில் எழுந்தால் சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டு வேலைக்குப் போவோம், குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போவோம், அவ்வளவுதான் என்றார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர் கணவர் கேட்டார். ஒடாஹுஹு என்றோம். அங்கே வீடுகளுக்கு நடுவே இருக்கும் பச்சைக் குன்று எரிமலைதானே, ஆக்லாந்தே எரிமலைகள்மேல்தானே இருக்கிறது என்றார். அதைப் பார்க்கவென்றே சுற்றுலா வந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பாய் விரித்துப் புளிச்சாதம் சாப்பிடும் குன்று அது. என் கணவர் ஹெல்மெட்டை மெல்லப் பைக்குள் தள்ளினார். அத்தனை கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த வாயோடேயே அழுகையும் வந்தது. ஏன் என்று அந்த அம்மா கேட்டார். தம்பியைப் பற்றி, ஊரைப் பற்றி, நோர்வேயைப் பற்றி எல்லாம் கொட்டிவிட்டேன். என் ஆங்கிலம் பாதி, அவருடையது பாதி. அவர் தன் கணவரிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டார். அவர் ஒருமுறை தலையாட்டினார். இருவரும் நேராகக் கவுண்டருக்குப் போனார்கள். அன்றைய விமானத்தில் அவர்களுக்கு உறுதியாகியிருந்த இரண்டு இருக்கைகளை எங்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, எங்களுக்குச் சொன்ன தேதியைத் தங்களுக்கு எழுதச் சொன்னார்கள்.

வேண்டாம், வேண்டாம் என்று நாங்கள் தடுத்தோம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் மலை எங்கேயும் போகாது. உங்கள் தம்பி போய்விடுவார்" என்றார். நான் பருத்தித்துறை வடைப் பையை அப்படியே அவர் கையில் திணித்தேன். உறைக்கும் என்று சொல்ல மறந்துபோனேன். பெயர் கேட்கவும் மறந்துபோனேன்.

ககோஷிமா விமான நிலையத்தில் கதவு திறந்ததும் நான் சின்னப் பையன் ஒருவனைத்தான் தேடினேன். கண்ணாடி போட்ட, மீசை வைத்த பெரிய ஆள் ஒருவன் எனக்கு முன்னால் வந்து நின்று, "அக்கா, நான்தான்" என்றான். கன்னத்தைத் தடவிப் பார்த்துத்தான் நம்பினேன். "ஏன்டா இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றேன், அவன் என்னைவிட இரண்டு மடங்கு இருந்தான்.

எங்களுக்குக் கிடைத்தது கொஞ்ச நாட்கள்தான். ஆனால் அந்த நாட்களில் விடிய விடியக் கதைத்தோம், சண்டையும் பிடித்தோம். என் கணவர் காலையில் எழுந்து அவனுடைய பல்கணியில் விழுந்த சாம்பலைத் தானே கூட்டினார், மலை புகைந்தால் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதன்பிறகு நான் தம்பியைப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆயிற்று.

அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வழியே இல்லை. அதனால் இன்றைக்கும் எந்த வரிசையில் நின்றாலும், எனக்குப் பின்னால் நிற்பவருக்கு என்னைவிடப் பெரிய அவசரம் இருக்குமோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் நகர்கிறேன்.