ஹெலன் டீச்சர் அமைத்த சிமியோன் பாட்டு

வியாழக்கிழமை காலை ஆரியசாலைக் கடைத்தெருவில் என் கடையில் வற்றல் மிளகாய் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நம் தமிழ்ச் சபைப் பாடகர் குழுவை நடத்திய ஹெலன் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். லாரிக்காரரை அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வியாபாரிக்கு அழுகைகூட வேலை முடிந்துதான் வருகிறது.

அன்று சாயங்காலம் ஒத்திகை இருந்தது. தாம் புதிதாக அமைத்த சிமியோன் பாட்டை டீச்சர் முதல் முறையாக முழுசாகக் கேட்கவிருந்த நாள் அது.

குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று, இனி நிம்மதியாகப் போகலாம் என்று பாடுவது அந்தப் பாட்டு. காலங்காலமாக ஆர்கனோடு ஒரே மெட்டில்தான் பாடி வந்தோம். டீச்சர் ஆர்கனை எடுத்துவிட்டு, நான்கு குரல்களும் ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி அமைத்தார். அடிக்குரலான பேஸ் வரிசையில் நிற்கும் எனக்கு, பக்கத்து ஆள் தப்பாகப் பாடுவதாகவே பட்டது. டீச்சரிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் சரிதான் அண்ணாச்சி. முட்டிக்கிட்டே நில்லுங்க, வெலகாதீங்க."

நடுவில் சிமியோனுக்கு ஒரு தனிக்குரல். அதற்கு அவர் அழைத்தது, வயதாகிக் குழுவைவிட்டு ஒதுங்கியிருந்த ஞானதாஸ் சாரை. "தொண்டை விறையுது பிள்ளே, என்னைக்கொண்டு ஆவாது" என்று குரல் நடுக்கத்தைச் சொல்லி மறுத்துவிட்டார் அவர். குழுவில் கணீரென்ற வாலிபக் குரல் ஒன்று இருந்தது. கையிலிருக்கும் சரக்கை விடுவானேன் என்று கேட்டேன்.

"கிழவர் பாட்டை வாலிபன் பாடினா அது நடிப்பு. சார் நடுங்கட்டும். நடுங்கினாத்தான் சிமியோன்" என்றார் டீச்சர்.

அதனால் ஒத்திகைகளில் அந்த இடம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். டீச்சர் கை மட்டும் தாளம் போடும். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. கடைசியில் நானே ஞானதாஸ் சார் வீட்டுக்குப் போனேன்.

"ஆளுக சிரிக்கும்வே."

"சிரிக்கட்டும் சாரே. நான் கடை போட்டப்ப ஆரியசாலையே சிரிச்சுது. இப்ப அவனுவதான் என்கிட்ட சரக்கு எடுக்கானுவ."

"செரி, வியாழக்கிழமை வாறேன். டீச்சர்ட்ட சொல்லிரும்."

சொன்னேன். "மனசு மாறுமுன்ன ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருங்க" என்று போனில் சிரித்தார். நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அடக்க ஆராதனையில் அந்தப் பாட்டைப் பாடினோம். ஞானதாஸ் சாரின் குரல் நடுங்கியது; யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கையை இறக்கும்வரை கடைசிச் சுரத்தை விடக்கூடாது என்பது எங்கள் பழக்கம். கையை இறக்க ஆளில்லை என்பது அந்த இடம் வரும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரவர் மூச்சு தீரும்வரை பிடித்து நின்றோம். ஒவ்வொரு குரலாக அறுந்தது.

சிமியோன் பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் கேட்காமலே போனார். இதற்கு எனக்கு ஆறுதல் சொல்லவேண்டாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பாட்டின் பேஸ் வரி மட்டும். கடையில் எடை போடும்போது முணுமுணுத்துப் பார்க்கிறேன். தனியாகப் பாடினால் அதில் ஒன்றுமே இல்லை.