பக்கத்துக்கு ஒரு நிமிடம்

ஹலீமாவுக்கு வீடு செங்காங்கில். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடும் வேலை. மற்ற நேரமெல்லாம் நாடகம் எழுதுவார். வானொலிக்கு எழுதிப் பழகிய கை, யாரும் சொல்லித்தரவில்லை. எழுதியதைச் சமையலறையில் நின்று வாய்விட்டுப் படித்து, கடிகாரம் பார்த்து நீளத்தைச் சரிசெய்துகொள்வார்.

இந்த முறை தொலைக்காட்சி. கிராஞ்சியில் விடுதியில் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றிக் கோவிந்தராசு எழுதிய நாவலைத் திரைக்கதையாக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் ஒரு மென்பொருளைக் கொடுத்து, ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கணக்கும் சொல்லிவிட்டது. பேசுபவர் பெயரை முதல் எழுத்தைத் தட்டியதுமே கண்டுபிடித்துப் போட்ட அந்த மென்பொருள் ஹலீமாவுக்குப் பிடித்துப்போனது. அது காட்டிய பக்க எண்ணையும் நம்பினார். இருபத்திரண்டு பக்கத்தில் முடிய வேண்டிய முதல் பகுதி முப்பதைத் தாண்டியது. வெட்டினார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து வெட்டினார். சாப்பாட்டின் நடுவில் கைகழுவி எழுந்து வெட்டினார். அப்படியும் மிஞ்சியது. கடைசியாக, சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் லாரியில் மழைக்கு ஒரே தார்ப்பாயைப் பிடித்தபடி பேசாமல் வரும் காட்சியும் போனது.

அந்தக் காட்சிக்காகவே கோவிந்தராசு நாவலை எழுதியிருந்தார். நிறுவனத்துக்கு அனுப்புமுன் சொல்லிவிடலாம் என்று ஹலீமா சனிக்கிழமை குவீன்ஸ்டவுனில் அவர் வீட்டுக்குப் போனார். அவர் கோபப்படவில்லை. கோப்பி கலந்து கொடுத்தார்.

“வெட்டிக்கம்மா. என் பேரை மட்டும் எடுத்துடு.”

“பக்கம் மிஞ்சுதுண்ணே.”

“அப்ப அந்தப் பக்கத்தோட பேரையே போட்டுக்க.”

திரும்பும்போது ரயிலில் ஹலீமாவால் உட்கார முடியவில்லை. கதவோரம் நின்று தோள்பையை இப்படியும் அப்படியும் மாற்றினார். பிறகு அச்செடுத்த தாள்களை எடுத்து, உதடு மட்டும் அசைய, அவரவர் பேசும் வேகத்தில் படிக்கத் தொடங்கினார். நடப்பதற்கும் கதவு திறப்பதற்கும்கூட இடைவெளி விட்டார். அவுட்ரம் பார்க்கில் மாறி ஏறியும் படித்தார். லிட்டில் இந்தியா வருவதற்குள் முதல் பகுதி முடிந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கத்தையும் படித்த நேரம் கால் மணிதான்.

தாளை மறுபடி பார்த்தார். வசனத்துக்கு மென்பொருள் விட்டிருந்தது நடுவில் ஒல்லியான ஓர் இடம். ‘சொல்லிக்கிட்டிருந்தேன்’ என்ற ஒரு சொல்லே வரியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு.

இறங்கி, நடைமேடையிலிருந்தே தயாரிப்பாளர் யாசருக்குத் திரைக்கதையை அனுப்பிவிட்டு அழைத்தார். பக்கக் கணக்கு தமிழுக்குச் சரிவரவில்லை என்றார்.

“எல்லாருக்கும் அதே ரூல்தான் லா அக்கா. இங்லீஷ் டீமுக்கு கரெக்டா வருதே.”

“நீங்களே படிச்சுப் பாருங்க தம்பி. வாய்விட்டு. நான் லைன்லயே இருக்கேன்.”

யாசர் முனகிக்கொண்டே படித்தார். ரயில்கள் வந்து போயின. ஹலீமா ஒரு காதைப் பொத்திக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். யாசர் வேகமெடுத்தபோதெல்லாம் மெதுவா, மெதுவா என்றார். யாசர் குரல் நின்றது.

“அக்கா, மீதி எங்க?”

“அவ்வளவுதான்.”

வெட்டியதில் எதையாவது திரும்பச் சேர்க்க முடியுமா என்று யாசரே கேட்டார்.

ஹலீமா அங்கேயே பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து லாரிக் காட்சியைச் சேர்த்தார். கோவிந்தராசுவை அழைத்துச் சொன்னார்.

“பேசாமத்தானே வர்றாங்க?” என்றார் அவர்.

“ஆமாண்ணே.”

“அப்ப பேரு இருக்கட்டும்.”

லாரியில் வரும் இருவரில் ஒருவனுக்குத் தான் புதிதாக எழுதிச் சேர்த்திருந்த ஒரு வரி வசனத்தை, அவர் போனை வைப்பதற்குள் ஹலீமா அழித்துவிட்டார்.