என் மில் தேர்ந்தெடுத்த கார்டு

போன சித்திரையில் ராஜபாளையத்தில் நடந்தது இது. அதற்கு முன்னால், சொல்கிறவன் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செட்டியார்பட்டியிலிருந்து நடந்தே வந்து ஒரு நூல் மில்லில் பாபின் பொறுக்கினேன். இனி சுற்றாது என்று மிஷின் பழுது பார்க்கும் பிட்டர்கள் கைவிட்டு, பழைய இரும்புக்குப் போட இருந்த நூற்பு மிஷினை வாங்கித் தகரக் கொட்டகையில் வைத்துச் சுற்ற வைத்தேன். ஒரு காற்றில் கொட்டகை பறந்தது. மறுபடியும் போட்டேன். இன்று அந்த இடத்தில் காங்கிரீட் கட்டடம் நிற்கிறது, உள்ளே ஈரக்காற்று அடிக்கும் பிளான்டோடு. தண்ணீர் வராது என்று சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். வீடு கட்டினேன். மகனைப் படிக்க வைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மருமகளைக் கொண்டு வந்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அந்தக் கடைசிக் காரியம்தான்.

மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு எங்கள் வீட்டு மாடியில் இருந்தபடியே வேலை பார்த்தாள். திடீரென்று அந்தக் கம்பெனி, ஆனி பிறந்ததும் நேரில் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அவள் போனால் மகனும் போவான். பிறகு இந்தப் பெரிய வீட்டில் நானும் என் வீட்டுக்காரியும் எதிரும் புதிரும் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டியதுதான். வீட்டுக்காரி சரியாகச் சாப்பிடுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் வேறொரு கம்பெனி கிடைத்தது. கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து எழுதித் தரும் கம்பெனி. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் முதலில் ஒரு பரீட்சை வைத்தார்கள். இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை அனுப்பி, வேகத்தைக் கூட்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டில் எது நல்லது, ஏன் நல்லது என்று எழுதச் சொன்னார்கள். கிராபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் இருந்து படம் காட்டுகிற பாகம். இவை செங்கல்லைவிட நீளம், நல்ல கனம், ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி. இரண்டும் ஒசத்தி ரகம். செய்த கம்பெனிதான் வேறு, உள்ளே இருக்கும் சிப்பு ஒன்றே. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

ஓவர்கிளாக் என்று அவள் சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மிஷின் செய்தவன் சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டுவது. நாங்கள் பெல்ட் ஓடும் புல்லியை மாற்றி ஓட்டுவோம். நூல் அறுபட ஆரம்பிக்கும் இடம்வரை ஏற்றி, அதிலிருந்து ஒரு பிடி இறக்கி நிறுத்துவோம்.

"இதைத்தானத்தா நான் ஆயுசு முழுக்கச் செஞ்சுக்கிட்டு வாரேன்."

"அப்ப பரீட்சையையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க மாமா."

இப்படித்தான் பேசுவாள். மில்லில் என்னிடம் யாரும் அப்படிப் பேச முடியாது.

அவள் கறுப்பை மாட்டி ஓட்டினாள், வெள்ளையை மாட்டி ஓட்டினாள். இரண்டும் ஒரே வேகம்தான் ஏறின. ஏசி எனக்கு ஆகாது என்று வீட்டில் வைக்கவில்லை; வெயில் ஏற ஏற மாடி அறை அடுப்பாகிவிடும். அப்போது இரண்டும் ஒன்றுபோலவே சூடாகி வேகத்தைக் குறைத்துக்கொண்டன. ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதுறதுக்கு நான் எதுக்கு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எந்திரி. மில்லுக்குத் தூக்கு. சித்திரையில நம்ம ஊர்லயே குளுந்த இடம் என் மில்லுதான். கரண்டும் ஆடாது, அசையாது."

"பஞ்சு பறக்குமே மாமா?"

"நான் கட்டுன மில்லுல எங்கத்தா பஞ்சு பறக்குது? சும்மா வா."

ஈரக்காற்று வரும் குழாய்வாய்க்குக் கீழே மேஜை போட்டேன். கறுப்புக் கார்டை மாட்டி வேகத்தை ஏற்றினாள். அருமையாக ஓடியது. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் மில்களில் ஷிப்டு மாறும்போது, இறங்குகிறவர்கள் கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி மிஷின் மேலிருக்கும் பஞ்சுத்தூசியை ஊதித் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். மிஷினைச் சுத்தமாக ஒப்படைப்பது வழக்கம். அது நானே போட்ட கண்டிப்பு.

சங்கு ஊதியது. ஊதினார்கள். கூடமே வெள்ளையாகிவிட்டது. செத்த நேரத்தில் கார்டின் விசிறிகள் மூன்றும் அலற ஆரம்பித்தன. அவள் நிறுத்துவதற்குள் திரை இருண்டுவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊதி விட்டால் சரியாகிவிடும் என்று, ஒருவன் கையிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கிக் கார்டு மேலே பிடித்தேன். விசிறி பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சுற்றியது.

"ஐயோ, வேண்டாம் மாமா! பேன் ஒடைஞ்சிரும்! கையை எடுங்க!"

ஷிப்டு முழுக்கக் கேட்டது. நான் கட்டிய மில்லில், என் ஆட்களுக்கு முன்னால், என்னைப் பார்த்து முதல்முறையாக ஒருத்தி சத்தம் போட்டாள். கையை எடுத்துவிட்டேன்.

இரண்டு கார்டையும் கம்ப்யூட்டரையும் காரில் ஏற்றிக்கொண்டு, அவள் அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஏசி இருக்கு என்று மட்டும் மகனிடம் சொன்னாளாம். வீட்டுக்காரி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "ஆனி வரைக்கும் இருக்க வேண்டிய பிள்ளைய சித்திரையிலயே அனுப்பி வச்சுட்டிய."

மறுநாள் காலையில் கிளம்பினேன். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதவன் நான். போனேன். சம்பந்தி போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும், "வாங்க, சரணடைய வந்தியளா?" என்றார். அந்த ஆளுக்கு எப்போதும் இந்த நக்கல்தான்.

உள்ளே மருமகள் தரையில் துணி விரித்துக் கறுப்புக் கார்டைக் கழற்றி வைத்திருந்தாள். விசிறிகளுக்குப் பின்னால் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகள், நெருக்க நெருக்கமாக. அதன்மேல் பஞ்சு ஒரு கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"போயிருச்சாத்தா?"

"போகல. சுத்தம் பண்ணி மாட்டிப் பாத்துட்டேன், ஓடுது. இது மிச்சம் இருக்கிற பஞ்சு."

எனக்கு மூச்சு வந்தது. சும்மா இருக்க முடியாமல் வெள்ளைக் கார்டை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். விசிறி இறக்கைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. கறுப்பில் தெரியவில்லை.

"என்னத்தா, இதுல வெளிச்சம் தெரியுது?"

அவள் பிரஷ்ஷைக் கீழே போட்டாள். என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். கறுப்பைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளையில் தகடுகள் தடிமன், இடைவெளி அதிகம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இன்னிக்கு எத்தனை மணிக்கு ஷிப்டு மாறும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம், கைவிட்ட மிஷின் முதல் நூலை இழுத்தபோதுகூட வந்ததில்லை.

சம்பந்தியும் எங்களோடு வந்தார், சாட்சி சொல்ல. அதே மேஜை, அதே குழாய்வாய். வெள்ளையை மாட்டினாள். நேற்று ஊதியதில் குறையக் கூடாது என்று மேஸ்திரியிடம் நானே சொன்னேன். ஊதினார்கள். பஞ்சு உள்ளே போனது, பின்பக்கம் வெளியே வந்தது. விசிறிச் சத்தம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ஏற்றிய வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நியாயமாக இருக்க வேண்டும் என்று அடுத்த ஷிப்டு மாறும்போது கறுப்பை மறுபடியும் மாட்டினாள். மறுபடியும் திரை இருண்டது. இந்தத் தடவை அவள் கை தட்டினாள்.

தூசி இல்லாத இடத்தில் இரண்டும் ஒன்றுதான், தூசி பறக்கும் ஊர்களில் வேகத்தைக் கூட்டி ஓட்ட வெள்ளைதான் தாங்கும் என்று படத்தோடு எழுதி அனுப்பினாள். வேலை கிடைத்தது. வேறு யாரும் இப்படி ஒரு சோதனை செய்ததில்லை என்று பாராட்டினார்களாம். ஆனி வந்தது, போனது. மாடி அறையில் அவள் இருக்கிறாள். வீட்டுக்காரி சாப்பிடுகிறாள்.

ஆனால் ஒன்று. அந்த அறிக்கையை மகன் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினான். "நூற்பாலைச் சூழலில் சோதிக்கப்பட்டது" என்று இருக்கிறது. யாருடைய நூற்பாலை? மேஜையைப் போட்டது யார்? ஊதச் சொல்லிக் கண்டிப்பு வைத்தது யார்? வெளிச்சத்தை முதலில் பார்த்தது யார்? கேட்டால், "திட்டு வாங்குனதையும் சேத்து எழுதவா மாமா?" என்கிறாள். எழுதட்டும். எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. அவள் போட்ட அந்தச் சத்தம் இன்றைக்கும் என் வீட்டு மாடியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிது. அடுத்த அறிக்கையிலாவது, இடமும் யோசனையும் மாமனாருடையவை என்று ஒரு வரி வந்தாக வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில்.