தூக்குவதற்கு முன் ஒரு நொடி

நான் என் மகளைக் கொஞ்சினேனா, கொஞ்சுவதுபோல் நடித்தேனா? அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அவள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது காவலூருக்குக் குடிவந்தோம். என் கணவருக்குத் தொலைநோக்கிக் கூடத்தில் இரவு வேலை. பகலில்தான் தூங்குவார். குழந்தை அழுதால் விழித்துவிடுவார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். அதனால் சந்தை நாட்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு டிரைவரின் மனைவியோடு ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறி, சினிமாக் கொட்டகையில் பகல் காட்சி பார்த்துவிட்டு வருவேன்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்கு எதுவும் தோன்றவில்லை. வேளைக்குப் பால் கொடுத்தேன். தடுப்பூசி எதையும் தவறவிடவில்லை. துணிகளை வெந்நீரில் அலசினேன், போதவில்லையோ என்று மறுபடியும் அலசினேன். ஆனால் அவளைப் பார்க்கும்போது, யாரோ சற்றுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன குழந்தை போலிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கொட்டகைக்கு, அம்மா வேடங்களில் நடிக்கும் ஒரு நடிகையின் படங்கள்தான் அதிகம் வரும். எல்லாம் நகரங்களில் ஓடி ஓய்ந்து, பிலிமில் கோடு விழுந்து வந்தவை. பெண்கள் பெஞ்சில் எல்லோரும் அவர் அழும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கோபம் வந்தால் அவர் குரலைத் தாழ்த்துவார். கெட்ட செய்தி வந்தால் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். குழந்தையைத் தூக்கும் முன் குனிந்து, அதன் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்து ஒரு நொடி இருப்பார். குழந்தை அவரைப் பார்த்த பிறகே கை நீளும். அம்மாவாக வந்தாலும் சித்தியாக வந்தாலும் அந்த ஒரு நொடியை அவர் விட்டதில்லை.

வீட்டில் நானும் செய்து பார்த்தேன். தொட்டிலுக்கு மேல் குனிந்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தூக்கினேன். மகள் சிரித்தாள். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மறுநாளும் செய்தேன். எண்ணுவது எப்போது நின்றது என்று நினைவில்லை.

டிரைவரின் மனைவி நெல்லிவாசல் மலைப்பக்கம் பிறந்தவர், நான்கு பிள்ளை பெற்றவர். ஒருநாள் சாமை புடைத்துக்கொண்டே என்னைக் கவனித்துவிட்டார்.

"இன்னாம்மா, கொட்டாயில வர்ற அம்மா மாதிரியே தூக்குற? புள்ளகிட்ட டிக்கெட்டுக் காசு வாங்கிட்டியா?"

நானும் சிரித்துவைத்தேன். அடுத்த சந்தைக்குப் போகும்போது பஸ்ஸில் அவரிடமே கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு மொதப் புள்ள மேல பாசம் எப்ப வந்துச்சு?"

"யாரு பாத்தா?" என்றார். "புளிய மரத்துல சேலையில ஏணை கட்டிப் போட்டுட்டு அறுப்புக்குப் போய்ட்டேன். அழுதா வந்து தூக்குவேன். அவ்ளோதான்."

அது ஆறுதலா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது எனக்கு மறுபடியும் மூன்று மாதம். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது சில நாள் ஏதோ இருக்கிறது, சில நாள் இல்லை. அவளுக்கு வித்தியாசம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அல்லது அதையும் நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்னவோ.

அடுத்த குழந்தையை என் கையில் கொடுக்கும்போது, ஏதாவது தோன்றட்டும் என்று காத்திருக்கட்டுமா, முதல் நாளிலிருந்தே அந்த நடிகையைப் போல் செய்யத் தொடங்கிவிடட்டுமா? என்னைப் போல ஒன்றும் தோன்றாமல் இருந்து பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.