அம்மாவைக் கேட்காமல் நான் நிரப்பிய படிவம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாகான் டாலாமில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஞாபகமறதிப் பரிசோதனை ஒன்று நடந்தது. ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி தன் குழுவோடு வந்திருந்தார். அல்சைமர் நோய் நம் மக்களிடம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பல வருடமாக ஆராய்ச்சி செய்கிறவராம். அம்மா அந்த மாதத்தில் இரண்டு தடவை அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மறந்திருந்தார். அந்தப் பயத்தில்தான் அழைத்துப் போனேன்.

அம்மாவை உள்ளே உட்காரவைத்துப் படங்கள் காட்டி ஏதேதோ கேட்டார்கள். வெளியே ஓர் உதவியாளர் என்னிடம் படிவத்தை நீட்டினார். அம்மா தானாகச் சமைப்பாரா? இல்லை, என் மனைவிதான். மருந்தைத் தானே எடுத்துக்கொள்வாரா? இல்லை, நான்தான் கையில் கொடுப்பேன். பேங்க் வேலை? நான். வெளியே தனியாகப் போய் வருவாரா? ஐயோ, விடவே மாட்டோம். எல்லாவற்றுக்கும் ‘முடியாது’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன். போடும்போது பெருமையாகக்கூட இருந்தது. தாயை எப்படித் தாங்குகிறோம் பாருங்கள் என்ற நினைப்பு.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. நான் எழுதிக் கொடுத்த பதில்கள் கவலை தருவதாக இருக்கின்றன, முழுப் பரிசோதனைக்கு ஜார்ஜ்டவுனுக்கு அழைத்து வாருங்கள் என்றார்கள். அம்மாவுக்கு அந்த நோயே வந்துவிட்டது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவரை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. நானும் மனைவியும் புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனோம். மூன்று வாரம் இப்படி. ஏன் பூட்டுகிறாய் என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டார். திருடன் பயம் என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதையும் நோய் என்றே நினைத்தேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

பரிசோதனை நாளில் அந்த விஞ்ஞானி என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

“என்ன டாக்டர், கூட இருந்து பாக்கறது நான்தானே. அவங்களுக்கு ஒன்னும் சொல்லத் தெரியாதுலா,” என்றேன், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

“தெரியுமா தெரியாதான்னு அவங்ககிட்டயே கேட்டுக்கறேன், தம்பி,” என்று கதவைச் சாத்திவிட்டார்.

பெற்ற மகனை வெளியே தள்ளுவதா என்று வராந்தாவில் பொருமிக்கொண்டே இருந்தேன். யாரிடம் புகார் கொடுக்கலாம் என்றுகூட யோசித்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் என் படிவம் கிடந்தது. விஞ்ஞானி அதை ஒவ்வொரு வரியாக அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரியில் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இருபத்தேழு வருஷம் பாயான் லெப்பாஸ் பேக்டரிக்கு நான் தனியாத்தான் போய்ட்டு வந்தேன், டாக்டர். எனக்கு வெளிய போக முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, இவன் கேட்டைப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போறான்.”

அவர் அழவில்லை. எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஞாபகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வோம், ஆனால் நான் பயந்த நோய் இல்லை என்றார் விஞ்ஞானி. அப்படியானால் எதற்கு எங்களைப் பயமுறுத்தினீர்கள் என்று அவர்மேல் பாய்ந்தேன்.

“எங்க படிவத்துலயும் தப்பு இருக்கு, தம்பி. அவங்களால முடியலயா, நீங்க விடலயான்னு அதுல கேக்கவே இல்ல. மாத்தப் போறேன். ஆனா இருக்கற வேலையெல்லாம் நீங்க புடுங்கிக்கிட்டா அந்த மூளை எதைத்தான் செய்யும்?”

படிவத்தின் தப்பை அவர் ஒத்துக்கொண்டார். கேட்டைப் பூட்டச் சொன்னது அவரில்லையே.

காரில் ஏறுவதற்கு முன் அம்மா கையை நீட்டினார். “சாவியக் குடு.” கொடுத்தேன். இப்போது பாசாருக்கு அவரே போகிறார், மீனுக்குப் பேரம் பேசுகிறார். அடுப்பில் தண்ணீர் வைத்து மறப்பது இன்னும் உண்டு. கொதித்தால் விசிலடிக்கிற கெத்தல் வாங்கிவிட்டோம், அவ்வளவுதான் வைத்தியம்.

எனக்குத்தான் இன்னும் கோபம் ஆறவில்லை. கிளினிக்கில் வயதானவர்களிடம் கேட்கிற கேள்விக்குப் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நர்ஸ் என்னைப் பார்த்து, “அம்மா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டால், என் வாயும்தான் முதலில் திறக்கிறது. அதை மூடிக்கொண்டு அம்மா பக்கம் திரும்புகிறேன். பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருந்த அந்த மூன்று வாரத்தை அம்மா ஒருநாள் மறந்துபோகலாம். நான் மறக்கக் கூடாது.